உயிலுக்கு வெற்றிலை பாக்கு

ஜெசிந்தாவுக்கு எல்லாமே போன்தான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பேக்கரியில் பல வருஷமாகக் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறாள். பிறந்தநாள் கேக்கா, கல்யாண கேக்கா, வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும். மேலே எழுத வேண்டிய பெயரும் அதிலேயே வரும். "ஓகேண்ணே" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டால் வேலை முடிந்தது. கெட்டிக்காரிதான், சந்தேகமே இல்லை. ஆனால் உயிலையும் கேக் மாதிரி நினைத்தாள் பாருங்கள், அங்கேதான் வம்பு வந்தது.

வளவனூரில் இருந்த அவளுடைய பெரியப்பா சவுரிராயன் தை மாதம் காலமானார். பெண்டாட்டி முன்பே போய்விட்டாள், பிள்ளைகளும் இல்லை. உயிலில் பெயர் உள்ளவர்களுக்குச் சேதி சொல்லி, அவரவர் பொருளை ஒப்படைக்கும் பொறுப்பை ஜெசிந்தாவிடம் விட்டிருந்தார். பெரிய சொத்தெல்லாம் இல்லை. கூட்டாளி பெரியதம்பிக்கு டிவிஎஸ் வண்டி, தினம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டு இசைவாணிக்கு ஆடுகள், தங்கச்சி மண்ணாங்கட்டிக்கு வீடு. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெரியப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதும் அதைத்தான்: "உங்க அத்தைய எப்படியாச்சும் என் வூட்டுக்குள்ள கூட்டிக்கினு வந்துடும்மா."

அது லேசுப்பட்ட காரியம் இல்லை. அத்தை தன் மகள் கல்யாணப் பத்திரிகையை அண்ணனுக்கு மளிகைக்கடைக்காரரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். நேரில் வந்து தட்டு வைத்து அழைக்கவில்லை என்று தாய்மாமன் சவுரிராயன் கல்யாணத்துக்கே போகவில்லை. அன்றிலிருந்து அத்தை அண்ணன் வாசலை மிதிக்கவில்லை. சாவுக்கு வந்தபோதும் தெருவிலேயே நின்று மாரடித்து அழுதுவிட்டு மண்டகப்பட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அங்கே மழை வந்தால் அவள் வீட்டு அண்டா குண்டா எல்லாம் ஒழுகலைப் பிடிக்கத் தரைக்கு இறங்கிவிடும்.

இவ்வளவும் தெரிந்த ஜெசிந்தா என்ன செய்தாள்? கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, மூன்று பேருக்கும் ஒரே வாய்ஸ் மெசேஜைத் தட்டிவிட்டாள்.

பெரியதம்பியும் இசைவாணியும், "இதெல்லாம் நேர்ல வந்து சொல்ற சேதி இல்லியா?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பிளம் கேக்கில் சமாதானம் ஆனார்கள். அத்தை மட்டும் உடனே போன் போட்டு வெடித்தாள்.

"பத்திரிகைய ஆளுகிட்ட குட்த்தனுப்பிட்டேன்னு என் பொண்ணு கல்யாணத்துக்கே வராத மனுசன்! இப்ப அவரு வூட்ட மட்டும் போன்ல குடுப்பாராமா? எனக்கு ஒண்ணியும் வேணாம். வச்சிடு!"

நியாயம் முழுக்க அத்தை பக்கம்தான். பெரியப்பாவுக்குக் கொடுத்த வாக்கைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று ஜெசிந்தா தன்னையே நொந்துகொண்டாள். அன்று முழுக்க பட்டர் பன் கேட்டவர்களுக்கெல்லாம் பப்ஸ் எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பட்டுப்புடவையோடு ஸ்கூட்டியில் கிளம்பினாள். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கல்கண்டு, பூ, நடுவில் உயிலின் நகல். மண்டகப்பட்டில் அத்தை மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா உட்காரவில்லை. கல்யாணத்துக்கு அழைக்கிற தோரணையில் தட்டை நீட்டினாள்.

"உங்க அண்ணன் வூட்லேர்ந்து வந்திருக்கேன் அத்த. நீங்க வந்து வூட்ட ஏத்துக்கணும்."

அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தட்டை வாங்கியபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இப்பிடி ஒரு தட்ட அன்னிக்கே நான் எடுத்துக்கினு போயிருந்தா இத்தினி பேஜாரு இல்லடி" என்றாள்.

அன்றைக்கே அத்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டி வளவனூருக்குக் கிளம்பியது. ஜெசிந்தா பூட்டைத் திறந்து உள்ளே போய் நின்றுகொண்டு, "வாங்க அத்த" என்றாள். அத்தை வாசற்படிக்கு வெளியே அசையாமல் நின்றாள். இவ்வளவு தூரம் வந்து இங்கே மாட்டிக்கொண்டதே என்று ஜெசிந்தாவுக்குப் பகீரென்றது.

"நீ யாருடி என்ன வான்னு கூப்புட? இது என் வூடு. மொதல்ல நீ வெளிய வா."

ஜெசிந்தா வெளியே வந்தாள். அத்தை வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"இன்னா, அங்கியே நிக்கிற? உள்ள வாம்மா. எங்கண்ணன் வூட்டு வாசல் வரிக்கும் வந்துட்டு, ஒரு வா காப்பி குடிக்காம போயிடுவியா?"