ஏலம் தொடங்காத காலை

"ஆன்ட்டி, துறைமுகம்னு சொன்னீங்க... எங்க இருக்கு?"

போன ஞாயிற்றுக்கிழமை கட்டுமாவடியில் வேனை விட்டு இறங்கியதும் நந்தினி கேட்ட கேள்வி இது. என் தோழியின் மகள். பெங்களூரில் வேலை. ஆபீஸ் நண்பர்களோடு நம் மாவட்டக் கடற்கரையைப் பார்க்க வந்திருந்தாள். வழிகாட்டி? வேறு யார், நான்தான்.

நியாயமான கேள்வி. கோட்டை இல்லை, டிக்கெட் கவுன்ட்டர்கூட இல்லை. ஒரு காலத்தில் இந்தக் கரை நெடுகப் பாய்மரக் கப்பல்கள் வந்து நின்ற கதையை ஆரம்பித்தேன். யார் காதிலும் ஏறவில்லை. அவர்களுக்கு மீன் ஏலத்தை வீடியோ எடுக்க வேண்டும்.

ஏலக்கூடத்திலோ சத்தமே இல்லை. ஐஸ் போட்ட கூடைகள் அப்படியே இருந்தன. வியாபாரிகள் சும்மா நின்றார்கள்.

"ஏன் பாய், இன்னிக்கு ஏலம் இல்லையா?" ஏலம் விடும் காதர் பாயிடம் கேட்டேன்.

"ஒரு போட்டு இன்னும் வரலங்க. இன்ஜின் நின்னுபோச்சுன்னு வயர்லெஸ்ல சொன்னாங்க... அப்புறம் பேச்சே இல்ல. தேடிப் போயிருக்காங்க. ஒண்ணாப் போனவங்க வந்து சேராம இங்கிட்டு ஏலம் விட மாட்டோம்."

"மீன் கெட்டுப்போகாதா?" என்றாள் நந்தினி.

"போகட்டும்மா."

அவர் கண் காட்டிய பக்கம் ஒரு பெண் நின்றிருந்தார். பெயர் ஜீனத். வராத போட்டில் இருந்தது அவருடைய கணவர். முக்காட்டின் ஓரத்தைப் பல்லில் கடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். நந்தினி செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

வெயில் ஏறிய பிறகு யாரோ கை நீட்டிக் காட்டினார்கள். தூரத்தில் ஒரு போட்டு, இன்னொன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கிட்டே வந்ததும், பின்னால் வந்த போட்டில் நின்ற ஆள் தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டினார்.

ஜீனத் பார்த்தார். சட்டென்று திரும்பி, வீட்டைப் பார்த்து நடந்தார்.

நந்தினிக்குத் தாங்கவில்லை. பின்னாலேயே ஓடினாள். நானும் போனேன்.

"அக்கா, அவர் கரைக்கு வர்ற வரைக்கும் நிக்கலையா?"

"அதான் வந்துட்டாகல்ல." அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை பொங்கியது. "விடிஞ்சதுலேர்ந்து அடுப்பே பத்த வைக்கலம்மா. எறங்குனதும் சோறு கேப்பாக."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

என் வீட்டிலும் ஒருவர் உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "சாப்பாடு ரெடியா?" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

கேட்கட்டும்... கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.