நாலு புகைபோக்கிக் கப்பலின் கடைசி வரி

அந்தப் புத்தகத்தைத் திறந்தாலே இயந்திர எண்ணெயும் ஈரக் காகிதமும் கலந்த வாடை மூக்கில் ஏறும். வங்காளத்தில், கார்டன் ரீச் துறைமுகப் பகுதியில் கப்பல் பழுதுபார்க்கும் சின்னப் பட்டறை ஒன்றில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த அப்பா, கழித்துப் போட்ட காகிதக் குவியலிலிருந்து அதை எடுத்து வந்திருந்தார். டார்பிடோ படகுகளை விரட்டுவதற்கென்றே பிரிட்டிஷ்காரர்கள் முதன்முதலில் கட்டிய 'டிஸ்ட்ராயர்' போர்க்கப்பல்கள் எங்கெங்கே பணிபுரிந்தன என்று ஆங்கிலத்தில் எழுதிய வரலாறு அது. டாக்குரியாவில் வளர்ந்த எனக்கு வங்காளம் தண்ணீர்பட்ட பாடு, தமிழோ தடுமாற்றம். அதனால் ஞாயிறுதோறும், தமிழர்கள் கடை வைத்திருந்த லேக் மார்க்கெட்டிலிருந்து முருங்கைக்காயும் காப்பிப் பொடியுமாக வந்த கையோடு, ஒரு கப்பலின் வரலாற்றில் இரண்டு வரியைத் தமிழில் எழுதச் சொல்வார். தமிழ்ப் பாடத்துக்கு வீட்டில் வேறு புத்தகம் கிடையாது.

நாங்கள் எழுத எடுத்துக்கொண்ட கப்பலுக்கு நாலு புகைபோக்கி. வேகமென்றால் அப்படியொரு வேகம். அலை கொஞ்சம் எழும்பினாலோ மாலுமிகள் நனைந்து நடுங்க வேண்டியதுதான். 'மத்தியதரைக் கடலுக்கு அனுப்பப்பட்டது', 'துறைமுகச் சுவரில் மோதியது', 'பழுது நீக்கப்பட்டது', 'போரில் சரக்குக் கப்பல்களுக்குத் துணை சென்றது' என்று நோட்டில் வரிசையாக எழுதினேன். போர் முடிந்ததும் 'காத்திருப்பில் வைக்கப்பட்டது'. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "வேலை இல்ல, கட்டிப் போட்டிருக்காங்க. கூப்பிட்டாப் போகணும்" என்றார் அப்பா. அதற்கடுத்த ஒற்றை வரியை மட்டும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார்.

அந்தத் தை மாதம் பட்டறையை மூடிவிட்டார்கள். அப்பாவோ தினமும் காலையில் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, டிபன் டப்பாவோடு கிளம்பி, வீட்டுக்குப் பக்கத்து ஏரியைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். வீட்டிலும் ஓரிடத்தில் உட்கார மாட்டார். மின்விசிறியைப் போடுவார், அணைப்பார், ஜன்னலைத் திறப்பார், மூடுவார். லேக் மார்க்கெட் மளிகைக் கடைக்காரர் எங்கள் கும்பகோணத்துக்காரர், கடை வேலைக்கு வந்து நிற்கச் சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பினார். அப்பா போகவில்லை. அங்கே நின்றால் சாமான் வாங்க வருகிற யார் வாயிலாவது சேதி கும்பகோணத்துக்குப் போய்விடும். அங்கே இருந்த அத்தைதான் அப்பாவைப் படிக்க வைத்தவள். "அத்தைக்கு எழுதறப்ப இதைப் பத்தி மூச்சு விடாத" என்று அம்மா என்னிடம் நூறு முறை சொல்லிவிட்டாள்.

நான் மூச்சு விடவில்லை என்றுதான் நினைத்தேன். எனக்குத் தெரிந்த தமிழே அந்த ஒரு தமிழ்தான். அதுவும் எனக்கும் அப்பாவுக்கும் மட்டுமே புரிகிற பாஷை என்று வேறு நம்பிக்கொண்டிருந்தேன். அதில்தான் கடிதம் எழுதினேன்: 'அம்மாவும் தம்பியும் நல்ல நிலையில் உள்ளனர். நான் ஆறாம் வகுப்புக்கு அனுப்பப்பட்டேன். அப்பா தை முதல் காத்திருப்பில் வைக்கப்பட்டார்.'

பத்தாம் நாள், நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மாள், "தாதா, ஃபோன்!" என்று அப்பாவை அண்ணன் முறை வைத்துக் கத்திக் கூப்பிட்டாள். அத்தையின் குரல் ரிசீவருக்கு வெளியே எனக்கே கேட்டது.

"என்னடா, உன்னைக் காத்திருப்புல வச்சிருக்காங்களாமே? எங்கிட்ட எதுக்குடா மறைக்கிற?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கடைக்காரர் கூப்பிட்டதையும், தான் போகாததையும் அவர் தட்டுத்தடுமாறிச் சொன்னார். "மறைச்சது போதும். நாளைக்கே போய் நில்லு" என்று அத்தை ஃபோனை வைத்துவிட்டாள்.

மாடிக்கு வந்ததும் அடி விழும் என்று நின்றேன். அவர் புத்தகத்தை எடுத்து, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அந்த வரியில் விரலை வைத்தார். உடைப்பதற்காக விற்கப்பட்டது என்று அதில் இருந்தது.

"எழுதுடி."

"மாட்டேன்."

"நீ எழுதலன்னா அது நடக்காதா?"

"நடக்காது" என்றேன், அழுதுகொண்டே. அப்பாவை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சிரித்து, புத்தகத்தை மூடினார். மறுநாள் ஏரிப் பக்கம் போகவில்லை. லேக் மார்க்கெட் பஸ்ஸில் ஏறினார். கப்பல் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பல வருஷம் காப்பிப் பொடி மணத்தோடுதான் வீட்டுக்கு வந்தார், வந்ததும் ஓரிடத்தில் உட்கார்ந்தார்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் விற்கிறார்கள். அத்தை இல்லை, மாஷிமா இல்லை. போன மாதம் அப்பாவும் போய்விட்டார். உறவுக்காரர்களுக்கு அனுப்ப அவரைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார்கள். பிறந்த ஊர், கார்டன் ரீச், காத்திருப்பு, பிறகு 'லேக் மார்க்கெட்டில் மீண்டும் பணியில் சேர்ந்தார்' என்பது வரை மளமளவென்று எழுதிவிட்டேன். கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எழுந்து மின்விசிறியைப் போட்டேன், அணைத்தேன். அந்த வரியைத் தம்பிதான் எழுதி அனுப்பினான்.