பத்து நிமிடம், இருக்கை உண்டு

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு ஓடும் ஒரு தனியார் பேருந்துக்காக ஆப் செய்துகொண்டிருந்தேன். வண்டி எங்கே வருகிறது, உட்கார இடம் உண்டா என்று அது சொல்ல வேண்டும். வண்டியில் கருவி பொருத்தாமல் முதலாளி நாள் கடத்தினார். அதுவரை சும்மா இருப்பானேன் என்று ஒரு டம்மி சர்வர் எழுதி, இலவசத் தளம் ஒன்றில் ஏற்றினேன். யார், எப்போது கேட்டாலும் அதற்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: "பத்து நிமிடத்தில் வரும். இருக்கை உண்டு." திரையைச் சோதிக்க அது போதும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பீற்றிக்கொள்ளாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராதே! பக்கத்து வீட்டு அக்காவின் போனிலும் அந்த ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன். மில்லில் வேலை பார்த்துக்கொண்டே அரசுத் தேர்வுக்குப் படித்தவர் அவர். இலவச சர்வர் என்பதால் கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும். விழித்துப் பதில் சொல்ல அரை நிமிடம் ஆகும். திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்து அக்கா, "டிரைவர்ட்ட கேக்குது போல, என்னா?" என்றார். டம்மி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் இருந்த வியப்பைக் கலைக்க மனம் வரவில்லை. சிரித்து வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் அவருக்குத் தேர்வு. வயது வரம்புப்படி அதுதான் கடைசி வாய்ப்பு. அன்று அந்தத் தனியார் பேருந்து ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நிறுத்தத்தில் நின்று ஆப்பைப் பார்த்திருக்கிறார். பத்து நிமிடம், இருக்கை உண்டு. உட்கார்ந்து படித்துக்கொண்டே போகலாம் என்று, கூட்டமாக வந்த இரண்டு அரசுப் பேருந்துகளை விட்டுவிட்டார். மறுபடி பார்த்தார். பத்து நிமிடம். கடைசியில் கிடைத்ததில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். நான் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

"உன் ஆப்பு சரியாத்தான் காட்டுச்சு தம்பி. வண்டிக்காரன்தான் ஏமாத்திட்டான்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நான் சொன்னது இது: "ஆமாக்கா, அவங்க எப்பவுமே அப்படித்தான்."

கல்யாணத்துக்குப் போன டிரைவர் மேல் பழியைப் போட்டுவிட்டு, தட்டில் இருந்த சோற்றையும் முழுதாகத் தின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலையில் எழுந்ததும் சர்வரை அழித்தேன். வேறு யாரும் ஏமாறக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் நிஜம். சாயந்திரம் மில்லிலிருந்து திரும்பிய அக்கா போனை என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணுமே காட்ட மாட்டேங்கு தம்பி. நேத்து வரை நல்லாத்தான இருந்துச்சு? கொஞ்சம் சரி பண்ணிக் குடேன்."