கண்டக்டர் கேட்ட தண்ணீர்

கண்டக்டருக்குப் புதுசு என்றாலே ஆகாது, பிடிவாதம் பிடித்த மனுஷன் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். தனக்காகப் பேசும் டேப்லெட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு உம்மென்று உட்கார்ந்திருந்தால் சொல்லத்தானே செய்வார்கள். என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது என்பதுதான் கொடுமை.

முப்பது வருஷம் பஸ்ஸில் விசிலே தேவைப்படாத குரல் அவருடையது. பக்கவாதம் வந்து பேச்சையும் வலது கையையும் ஒரே நாளில் வாரிக்கொண்டு போனது. எழுத்தும் பிடிபடாமல் போயிற்று. அப்போதுதான் மருமகன் அந்த டேப்லெட்டை வாங்கிக் கொடுத்தான். கட்டம் கட்டமாகப் படங்கள், தொட்டால் பேசும். நெரிசலில் பார்க்காமலே டிக்கெட் கிழித்த ஆளுக்குப் படம் எதற்கு? மேல் வரிசை ஓரம் தண்ணீர், நடுவில் வலி, கீழ் வரிசை ஓரம் 'பயப்படாதே'. ஒரே மாதத்தில் இடது கை விரலுக்கு எல்லாம் அத்துப்படி. மனைவி சமையலறையில் முணுமுணுத்தால் இவர் கூடத்திலிருந்தே பதில் போடுவார். பேச்சு போயும் வாய் குறையவில்லை என்று அவள் சிரிப்பாள்.

அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன். அன்று காலை பார்த்தால் டேப்லெட் ராத்திரியில் தானாகவே அப்டேட் ஆகிப் புது வேஷம் கட்டியிருந்தது. படங்கள் எல்லாம் ஒரே நிறத்தில் வட்ட வட்டமாக, இடம் மாறிக் கிடந்தன.

"முன்னைவிட அழகா இருக்கு மாமா. ரெண்டு நாள்ல பழகிடும்" என்றான் மருமகன். அந்த ரெண்டு நாள் அவருக்கு ஏது?

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குங்க. ஏதாவது சொல்லுங்க."

விரல் பழகிய இடத்துக்கே போனது. கீழ் வரிசை ஓரம், 'பயப்படாதே' இருந்த இடம்.

"தண்ணி வேணும்" என்றது டேப்லெட்.

பதறிப்போய் மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதேதான். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். தாகத்தில் தவிக்கிறார் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். தன் பயத்தை மறந்தே போனாள்.

"அவருக்கு முதல்ல தண்ணி குடுங்க. அப்புறம் நான் போறேன்" என்று நர்ஸிடம் பிடிவாதம் பிடித்தாள்.

மருமகன் ஓடிப்போய் ஒரு டம்ளர் கொண்டுவந்தான். தாகமே இல்லாத மனுஷன், அவள் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"போதுமாங்க?" என்று கேட்டாள். போதும் என்று கையைக் காட்டினார்.

அதன் பிறகுதான் அவள் நிம்மதியாக உள்ளே போனாள். உயிரோடு திரும்பி வரவில்லை.