சுங்கை வேயிலிருந்து திருச்சிக்கு ஒரு சக்கர நாற்காலி

அந்த ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவில் நாங்கள் தங்கியிருக்கும் பண்டமாரான் வீட்டின் முன்கூடத்தில் மூன்று பேர் இருந்தோம்: நான், என்னோடு தங்கியிருக்கும் ராமநாதபுரத்துப் பாண்டி அண்ணன், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன். நடுவில் ஒரு மின்சாரச் சக்கர நாற்காலி. அதில் உட்கார வேண்டிய என் தங்கை கலை அங்கே இல்லை. திருச்சிக்குப் பக்கத்தில், கல்லூரி திறக்க இன்னும் பதினைந்து நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தோணி அண்ணன் நாடாவைப் பிடித்து நீளம், அகலம், உயரம் சொல்லச் சொல்ல நான் கணக்குப் போட்டேன். தராசில் நாற்பத்தாறு கிலோ. விமானக் கணக்கில் தொண்ணூற்று மூன்று.

ஊரிலிருக்கும் உங்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான். நம் ஊர் லாரி புக்கிங் ஆபீஸில் எடை என்றால் தராசு முள் நிற்கிற இடம். கிள்ளானில் நான் வேலை பார்க்கும் சரக்கு அலுவலகத்தில் ஒரு பொருளுக்கு இரண்டு எடை. விமானத்தில் அது அடைத்துக்கொள்ளும் இடத்தையும் கிலோவாக மாற்றுவார்கள். எது அதிகமோ அதற்குத்தான் காசு. கப்பலென்றால் பெரும்பாலும் கன மீட்டர் கணக்கு, மலிவு. "ஏரா, சீயா?", அதாவது விமானமா கப்பலா, என்று மூன்று வருடமாக வாடிக்கையாளர்களைக் கேட்கிறேன். டீயா காப்பியா என்று கேட்பதைப் போலப் பழகிவிட்டது. என் வீட்டுப் பொருள் என்று வந்ததும் அந்தக் கேள்வியை மற்ற இருவரிடமும் கேட்டேன்.

"சீயில போட்டுடு லா தம்பி. பாதிக் காசுதான்," என்றார் அந்தோணி அண்ணன், இந்த ஊர் 'லா' சேர்த்து.

"கப்பல் ஒரு வாரத்துல போயிடும்ணே. ஆனா கண்டெய்னர் நிறையணும், சென்னையில இறக்கணும், கஸ்டம்ஸ் பாக்கணும். ஒரு மாசம் ஆயிடும்."

"அப்ப தங்கச்சி ஒரு மாசம் லீவு போடட்டும்."

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். இரண்டாவது கலை, என் சைக்கிள் கேரியரில். இடுப்புக்குக் கீழே அவளுக்கு வலுவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளை வாசலில் இறக்கி, தூக்கிக்கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என் வகுப்புக்கு ஓடுவேன். நான் இங்கே வந்த பிறகு அப்பா தூக்கினார். கல்லூரிக்கு இடம் கிடைத்ததும் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "யாராவது தூக்கிட்டுப் போய்தான் விடணும்னா நான் போகலை." இதைக் கேள்விப்பட்டு, இங்கே சுங்கை வேயில் இருக்கும் ஆன்டி ஒருவர் காலமான தன் கணவரின் நாற்காலியைக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "ஓடற பொருள்பா, எங்கயாச்சும் ஓடட்டும்."

ஆகவே விமானம்தான் என்று முடிவு செய்தேன். பேட்டரிகளைக் கழற்றி வைத்தோம். அவற்றை விமானத்தில் ஏற்றத் தனிக் காகிதங்கள் வேண்டும், ஊரிலேயே வேறு பேட்டரி வாங்கிக்கொள்ளலாம். முதுகுச் சட்டம், கால் தாங்கி, கைப்பிடி எல்லாவற்றையும் ஸ்பானர் போட்டுப் பிரித்து, சின்னப் பெட்டியாக அடித்தோம். தொண்ணூற்று மூன்று ஐம்பத்தெட்டாக இறங்கியது. மூடும்போது பாண்டி அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"உள்ள இடம் இருக்கே தம்பி. வெறும் பெட்டியா போனா ஊர்ல சிரிப்பாங்க."

எங்கள் பண்டமாரான் வீட்டிலிருந்து எந்தப் பெட்டியும் ஒருவர் பொருளோடு மட்டும் ஊருக்குப் போனதில்லை. யார் அனுப்பினாலும் எல்லோருக்கும் அதில் ஒரு மூலை உண்டு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "துணிமணி மாதிரி ஏதாச்சும் வைங்கண்ணே," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். மறுநாள் அலுவலகத்தில், இந்தப் பெட்டியில் திரவமோ தீப்பிடிக்கும் பொருளோ இல்லை என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறர் பெட்டியென்றால் இரண்டு முறை கேட்டிருப்பேன்.

புதன்கிழமை விமான நிலையச் சரக்குக் கிடங்கிலிருந்து அழைப்பு வந்தது. அந்தோணி அண்ணன் தன் லாரியில், இங்கே அதற்கு லோரி என்று பெயர், கூட்டிப்போனார். எக்ஸ்ரே திரையில், இருக்கை மெத்தைக்குள் பன்னிரண்டு குப்பிகள் வரிசையாகப் படுத்திருந்தன. மெத்தையைத் திறந்தார்கள். பன்னிரண்டு காலுறைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தைலக் குப்பி.

பாண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். "நீதானே துணி வைக்கச் சொன்னே?" என்றார். "குப்பி உடையக் கூடாதுன்னு சாக்ஸுல போட்டேன்."

மலாய் அதிகாரிக்குத் தைலத்தை விளக்கப் பார்த்தேன். "உபாட், சக்கிட் கெப்பாலா," தலைவலி மருந்து, என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். எனக்குத்தான் தலைவலி என்று நினைத்து அவர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, காகிதத்தின் அடியிலிருந்த கையெழுத்தைச் சுட்டினார். "இனி சியாப்பா?" இது யார்? "சாயா," என்றேன். நான்தான்.

விமானம் போய்விட்டது. பெட்டியைத் திரும்ப அடைக்க வேண்டும், திரும்பச் சோதிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மறுபடி கட்டணம். "இப்பகூட சீயில போடலாம் லா," என்றார் அந்தோணி அண்ணன், இந்த முறை மெதுவாக. கிடங்கு வாசலில் நின்றபடியே கலையை அழைத்தேன்.

"கப்பல்ல வந்தா மீன் நாத்தம் அடிக்குமே," என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அண்ணா, அந்த வகுப்பு சினிமாக் கொட்டகை மாதிரி படிப்படியா இருக்கு. முன் பெஞ்சு மட்டும்தான் தரையில. முதல் நாளே அந்த இடத்தைப் பிடிக்கலைன்னா அது எனக்கு இல்லை."

தைலத்தை அந்தோணி அண்ணன் லோரியில் ஏற்றினார். நான் பெட்டிக்கு மறுபடி ஆணி அடிக்க ஆரம்பித்தேன், விமானத்துக்குத்தான்.

அடுத்த வாரம் திருச்சி விமான நிலையத்தில் அப்பா கைநாட்டு வைத்துப் பெட்டியை எடுத்தார். நான் போன் வழியே சொல்லச் சொல்ல சைக்கிள் கடைக்காரர் பாகங்களைப் பூட்டினார். கல்லூரி திறந்த திங்கட்கிழமை காலை, கலை முன் பெஞ்சுக்கு அருகே நாற்காலியில் இருக்கும் படம் வந்தது. நாற்காலியின் முதுகில் மலாய் மொழியில் எச்சரிக்கை ஒட்டு அப்படியே இருக்கிறது. இருக்கைக்கு அடியில் திருச்சி பேட்டரி. உடம்பு ஓரிடத்தது, ஓட்டம் வேறிடத்தது. கிள்ளானில் ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் போனில் வாழும் எனக்கு அந்தப் படத்தை விளக்க யாரும் தேவைப்படவில்லை.

இரண்டாம் கட்டணத்தைப் பாண்டி அண்ணன் தானே கட்டினார். நான் தடுத்தும் கேட்கவில்லை. இரண்டு நாட்டுச் செலவையும் ஒரே நாணயமாக மாற்றிக் கூட்ட முயன்றேன். நாணய மாற்று விலை நாளுக்கு நாள் மாறியது, அதனால் தனித்தனியாகவே எழுதி வைத்தேன். இங்கே ஆயிரத்து நூற்று எண்பத்தாறு ரிங்கிட், அங்கே பேட்டரியோடு சேர்த்துப் பதினான்காயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.