பச்சைப் பொம்மை ஏற்றிய வண்டி

சூளையில் வேகாத பொம்மைக்குப் பச்சைப் பொம்மை என்று பேர். விருத்தாசலத்தில் வீட்டுக்கு வீடு அச்சில் வார்த்துக் காயவைத்த கிளியையும் யானையையும் பொதுச் சூளையில் கொண்டு சேர்ப்பதுதான் கொளஞ்சியப்பனின் பிழைப்பு. மோட்டார்சைக்கிளின் பின்னால் இரும்புச் சட்டம், அதில் அடுக்கடுக்காகப் பலகைத் தட்டு, இடையில் வைக்கோல். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவன் மாதிரித்தான் வண்டி ஓட்டுவான்.

ஆனால் வண்டிக்கு வயசாகிவிட்டது. பாரம் ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துகொள்ளும். முன்சக்கரம் தரையைப் பிடிக்காது. டயரும் வழுக்கை. ஒருநாள் மழை ஈரத்தில் வளைவில் திரும்பும்போது வண்டி வாலை ஆட்டிவிட்டது. பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன்தான் மீதி வழியெல்லாம் இறங்கி உருட்டிக்கொண்டே போனான்.

மெக்கானிக் மதிவாணனிடம் வண்டியை விட்டான்.

“கேஸ் சிலிண்டர் தூக்குறவங்களுக்குப் போடுற ஷாக் அப்சர் இருக்குதுண்ணே. யானைய ஏத்துனாலும் உக்காராது. டயரயும் பட்டையா போட்டுடுவோம்.”

“யானைதான்டா ஏத்துறேன். மண்ணு யானை.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த இடத்தில்தான் யோசித்திருக்க வேண்டும். யார் யோசித்தது?

மாற்றிய பிறகு வண்டி ராஜா மாதிரி போனது. வளைவில் சாய்த்தால் சாய்த்தபடி நின்றது. பெண்டாட்டி சிவகாமசுந்தரியைக் கம்மாபுரம் வரை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினான்.

“நல்லாத்தான் வளையுது. ஒவ்வொரு பள்ளமும் முதுகுல வந்து இடிக்குதுங்க. இடுப்பே கழண்டுடும்போல இருக்குது.”

“பஞ்சு மெத்தையில பொறந்தவ பாரு நீ” என்று அவள் வாயை அடைத்துவிட்டான்.

அடுத்து ஏறியது வீராயி வீட்டுக் கொலுப் பொம்மை. அவள் குடும்பமே ஆடி மாசத்திலிருந்து உட்கார்ந்து வார்த்தது. சூளையில் இறக்கும்போது ஒரு மூக்கு உடையவில்லை, ஒரு காது உடையவில்லை. பச்சை மண்ணில் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. நெருப்புதான் அதைத் திறந்து காட்டும். அந்த ஊரில் பிறந்தவனுக்கு இது தெரியாததா? வண்டி ஆடாததால் பொம்மைக்கும் அலுங்கல் இல்லை என்று நினைத்துவிட்டான்.

சூளை ஆறித் திறந்தார்கள். கிளிகள் கழுத்தில் கீறலோடு வந்தன. யானைகள் காலிடுக்கில் பிளந்திருந்தன. அதே சூளையில், தலைச்சுமையாக வந்த பக்கத்து வீட்டுப் பொம்மை முழுசாக வெந்திருந்தது. வீராயி ஒரு கிளியைச் சுண்டினாள். ஓட்டைப் பானைச் சத்தம். இன்னொன்றைச் சுண்டினாள். அதுவும் அப்படித்தான். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை.

பழைய ஷாக் அப்சரைத் தேடிப் போனான். அது பழைய இரும்புக்காரனோடு போய்விட்டிருந்தது. மதிவாணன் மெத்தென்று வேறொன்றைப் போட்டுக் கொடுத்தான். அதற்குள் வீட்டுக்கு வீடு சேதி பரவி, அவனைக் கூப்பிடுகிறவர்களே இல்லை.

கார்த்திகை விளக்குகள் காய்ந்து தயாரானபோது வீராயி வாசலில் ஆட்டோ நின்றது. கொளஞ்சியப்பன் ஓடி வந்தான்.

“ஸ்பிரிங்க மாத்திட்டேன்க்கா. வேணும்னா வண்டிய உருட்டிக்கிட்டே போறேன். ஒரே ஒரு தட்டு குடுத்துப் பாருங்க.”

“ஒம்மேல கோவம் இல்ல கொளஞ்சி. கோவம்னா திட்டிட்டுக் குடுத்துருப்பேன். மனசு வல்லடா.”

ஆட்டோக்காரனுக்குத் தட்டைப் பிடிக்கத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் கொளஞ்சியப்பனே போய்த் தூக்கினான். வீராயி பதறி ஓடி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவன் தூக்கிய தட்டை அவள் பிடித்ததே இல்லை.

அவன் தட்டை அவள் கையிலேயே விட்டுவிட்டு விலகி நின்றான்.