புளியமரத்துப் பாசி

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம், அம்மாவின் தம்பி பதினைந்து நாள் ஆரணியில் எங்கள் வீட்டில் தங்கினார். நாட்டில் முளைக்கிற செடிகொடி, பாசி எல்லாவற்றையும் தேடிப் பதிவு செய்கிற அரசாங்க உத்தியோகம் அவருக்கு. மாமாவின் பங்குக்கு வந்தது மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டிக் கிடக்கும் பாசி. குழம்பில் போடும் கல்பாசியும் அந்த இனம்தான் என்று தெரிந்ததும், இதற்கா சம்பளம் தருகிறார்கள் என்று அப்பா தறியில் உட்கார்ந்தபடியே கேட்டார். மாமா சிரித்ததோடு சரி.

விடிந்ததும் பஸ் பிடித்து சந்தவாசல் பக்கம் மலைக்குப் போவார். சாயங்காலம் கொண்டுவந்ததைக் காகித உறைகளில் போட்டு, எந்த ஊர், எந்த மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மேலே எழுதுவார். ஈரம் போவதற்காக உறைகளைத் திறந்தபடி கூடத்தில் பரப்பி வைப்பார். அதைத் தொடக்கூடாது என்பது எனக்கும் தெரியும்.

அவர் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கையில், காலையில் காற்றோடு மழை வந்தது. தெருவில் தறிக்குப் பாவு நூல் விரித்திருந்ததால் வீட்டிலிருந்த எல்லோரும் அதைச் சுருட்ட ஓடினார்கள். கூடத்தில் உறைகள் பறந்தன. நான் பொறுக்கினேன். சிந்திய பாசிகளை எது எதற்குப் பொருத்தமாகப் பட்டதோ அந்த உறையில் போட்டு மடித்து, வரிசையாக அடுக்கியும் வைத்தேன். பாராட்டு கிடைக்கும் என்றிருந்தேன்.

மாலையில் மலையிலிருந்து திரும்பிய மாமா ஓர் உறையைப் பிரித்தார். மாமரம் என்று எழுதிய உறைக்குள் கல் துணுக்கு ஒட்டிய பாசி இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். சொன்னேன். திட்டவில்லை. எல்லாவற்றையும் கொட்டி, ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்துப் பிரித்தார். இரண்டு மட்டும் தேறவில்லை. மலையில் ஒரு புங்கமரத்தில் எடுத்ததும், கண்ணமங்கலம் சாலைப் புளியமரத்தில் எடுத்ததும் நொறுங்கி ஒன்றாகக் கலந்திருந்தன.

அம்மா சமாதானமாகச் சொன்னாள். "ரெண்டு கவர்லயும் பாதி பாதி போட்டு அனுப்புடா. பாசி வந்து சாட்சி சொல்லப் போவுதா?"

"சொல்லாதுக்கா. அதனாலதான் நான் பொய் எழுதக் கூடாது."

அந்தப் புளியமரத்தில் மறுபடி எடுத்துவர மறுநாள் காலை கண்ணமங்கலம் போனவர் மத்தியானமே வெறும் பையோடு திரும்பினார். சாலையை அகலப்படுத்த அந்த வரிசை மரங்களை வெட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். நோட்டில் அந்த இரண்டு பாசிக்கும் எழுதியிருந்த வரிகளின் மேல் கோடு போட்டார். கலந்த தூளைக் கொல்லையில் உதறினார்.

எனக்குப் பாவமாக இருந்தது. கிணற்றுச் சுவரிலிருந்து பச்சைப் பாசியைக் கரண்டியால் சுரண்டி, ஒரு டப்பா நிறையக் கொடுத்தேன்.

"எந்தப் பக்கத்து செவுத்துல எடுத்த?" என்று கேட்டார். எனக்கு ஞாபகமில்லை. என்னோடு கிணற்றடிக்கு வந்து, சுரண்டிய இடத்தைப் பார்த்து, புது உறையில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

கிணற்றுப் பாசி எந்த ஊரிலும் கிடைப்பது. புளியமரத்துப் பாசியை மாமா அதற்கு முன் எங்குமே பார்த்ததில்லை என்று அம்மா சொன்னது, எனக்குக் கல்யாணமான பிறகு. அன்றைக்கு, பாசிக்குப் பாசி கொடுத்தாயிற்று என்று நான் விளையாடப் போய்விட்டேன்.